மைக்கா ஒட்டிய பலகையின் எட்ஜ் பேண்ட்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

பலகையின் வெட்டு விளிம்பை மூட ஒட்டும் பிவிசி (பிளாஸ்டிக்) பட்டைதான் எட்ஜ் பேண்ட். கதவு ஓரத்தில் அது உரிந்து நின்றால் எல்லோரும் முதலில் திட்டுவது பசையைத்தான். சில நேரம் அது சரி. ஆனால் சமையலறை அலமாரி, வார்ட்ரோப், டிவி யூனிட் என்று திரும்பத் திரும்பச் சரிசெய்யப் போகும் வேலைகளில், பசைக்கு முன்னாலேயே அளவு தப்பியிருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பலகையின் மேல் அச்சடித்த எண்ணைப் பார்த்து பேண்ட் வாங்கியிருப்பார்கள். மைக்கா ஒட்டியபின் அந்தப் பலகை எவ்வளவு தடித்தது என்று யாரும் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கீழே கோளாறைக் கண்ணால் பார்த்துத் தேடும்படி பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் ஓர் அளவு

வெர்னியர் காலிப்பர் இருந்தால் பலகையின் நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அதே பலகையில் வெட்டி மீந்த துண்டுகள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிப் பிடித்து, டேப்பால் அளந்து ஐந்தால் வகுங்கள். ஒரு துண்டை டேப்பில் அளப்பதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

கடையில் 18 என்று வாங்கிய பிளைவுட் சரியாக 18 இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐஎஸ் 303 என்ற இந்தியத் தரநிலையே 6 மி.மீ. முதல் மேற்பட்ட பிளைவுட்டுக்கு 5 சதவீதம் கூடவோ குறையவோ இடம் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் 18 என்பது 17.1 ஆகவும் வரலாம், 18.9 ஆகவும் வரலாம். அதன்மேல் வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா, உள்பக்கம் 0.7 அல்லது 0.8 மி.மீ. லைனர் (உள்பக்கத்துக்கான மெல்லிய மைக்கா), இரண்டு பக்கமும் பசை. ஆக, 18 மி.மீ. பலகை வேலை முடிந்தபின் ஏறக்குறைய 20 மி.மீ. ஆகிவிடும். தொழிற்சாலையிலேயே மைக்கா போல அச்சுத்தாள் அழுத்தி வரும் பிரீலாமினேட் பலகைக்கு இந்தக் கூட்டல் கிடையாது. 18 என்றால் 18-ஐ ஒட்டியே இருக்கும்.

பேண்டின் அகலம் இந்த முடிந்த தடிமனைவிட 2 முதல் 4 மி.மீ. கூட இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு மி.மீ.யாவது வெளியே நின்றால்தான் டிரிம்மர் (மீந்த பேண்டைச் சீவும் கருவி) சீவ இடம் கிடைக்கும். கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு:

- பிரீலாமினேட் 18: 22 மி.மீ. பேண்ட் தாராளம்.
- பிளைவுட் 18, ஒரு பக்கம் மைக்கா ஒரு பக்கம் லைனர்: 22 போதும், ஆனால் நடுவில் வைத்து ஒட்டும் கை வேண்டும்.
- பிளைவுட் 19, அல்லது இரண்டு பக்கமும் 1 மி.மீ. மைக்கா, அல்லது ஒரு பக்கம் தடித்த அக்ரிலிக் ஷீட்: 22 ஆபத்து. ஒரு சைஸ் மேலே போங்கள்.
- 25 மி.மீ. பலகை: பிரீலாமினேட் என்றாலும் மைக்கா ஒட்டியது என்றாலும் 30.
- இரண்டு 18 பலகையைச் சேர்த்து ஒட்டிய தடித்த ஓரம்: 45. பேண்ட் மீந்து வீணாகும்; வேறு வழியில்லை.

அகலம் ஒன்று, தடிமன் வேறு. கடையில் 0.8, 1, 2 மி.மீ. தடிமன்கள் சாதாரணமாகக் கிடைக்கும், 0.45-ம் உண்டு. "22-க்கு 0.8" என்று கேட்டால் அகலம் 22, தடிமன் 0.8 என்று கடைக்காரர் எடுத்துக்கொள்வார். இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் கையில் என்ன இருக்கிறதோ அதைத் தருவார்.

## கோளாறு: ஓரத்தில் பலகையின் மூடாத விளிம்பு கோடாகத் தெரிகிறது

பேண்டுக்கும் மைக்காவுக்கும் நடுவே மரநிறத்திலோ கறுப்பாகவோ ஒரு கோடு. தூரத்தில் நின்றால் தெரியாது. வெள்ளைக் கதவில் மட்டும் அசிங்கமாகத் தெரியும்.

### கோடு ஒரு பக்கம் மட்டும் என்றால்

பேண்ட் அளவு சரிதான். ஒட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எதிர்ப்பக்க ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்: அங்கே அதிகமாகச் சீவி எடுத்த தடம் இருக்கும். கோடு அரை மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அதே நிற வேக்ஸ் குச்சியால் நிரப்பித் துடைத்துவிடலாம். அதற்கு மேல் என்றால் பேண்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதுதான். பழையதை நகர்த்தி ஒட்ட முடியாது.

### கோடு இரண்டு பக்கமும் என்றால்

பேண்ட் குறுகல். இங்கே வேக்ஸ் வேலைக்கு ஆகாது. காலிப்பரில் பலகையை அளந்து, ஒரு சைஸ் அகலமான பேண்ட் வாங்குங்கள். ஒரே அலமாரியில் பாதிக் கதவுகள் சரியாகவும் பாதிக் கதவுகள் கோடு தெரிந்தும் இருந்தால் பிளைவுட் இரண்டு லாட்டில் வந்திருக்கிறது. தடித்த லாட்டுக்கு மட்டும் அகலப் பேண்ட் போட்டால் போதும்.

### கோடு ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனையில் மறைந்தால்

பலகையே ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது. மலிவு பிளைவுட்டில் இது வாடிக்கை. மெலிந்த பக்கத்துக்கு அளவெடுத்து பேண்ட் வாங்கியிருப்பார்கள். எப்போதும் தடித்த முனைக்கு வாங்க வேண்டும். மெலிந்த முனையில் கொஞ்சம் அதிகம் சீவினால் ஆயிற்று.

### கோடு கறுப்பு, தடவினால் பிசுக்கு

இது அளவுக் கோளாறே அல்ல. ரப்பர் பசை அதிகம் தடவி வெளியே பிதுங்கி அழுக்குப் பிடித்திருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் வரும். தின்னர் வேகமாக எடுக்கும், ஆனால் பிவிசி பளபளப்பை மங்கவைத்துவிடும். அக்ரிலிக் ஷீட் மீது பட்டால் வெடிப்புகள் விழும். எதுவானாலும் கீல் பக்கம், கண்ணில் படாத மூலையில் முதலில் தேய்த்துப் பாருங்கள்.

## கோளாறு: ஓரம் கையைக் கீறுகிறது

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இது முதல் புகாராக வரும். துணியெல்லாம் மாட்டும்.

மூன்று காரணம். ஒன்று, சீவாமலே விட்டது: பேண்ட் மைக்காவுக்கு மேல் நகம் மாட்டும் அளவுக்கு நிற்கும். மெல்லிய பல் கொண்ட அரத்தை 45 டிகிரி சாய்த்து, பலகையை நோக்கி ஒரே திசையில் தள்ளுங்கள். இழுத்தால் பேண்ட் தூக்கிக்கொள்ளும். இரண்டு, மழுங்கிய பிளேடு: ஓரம் அலையலையாக இருக்கும். உப்புத்தாள் 220-ல் ஆரம்பித்து 320-ல் முடியுங்கள், மைக்கா மேல் ஒரு செல்லோ டேப் ஒட்டிவிட்டு. மூன்றாவது, பேண்டைக் குறை சொல்லவே கூடாது. மைக்காவின் வெட்டு முனைதான் கீறுகிறது. 0.45 பேண்ட் போட்ட இடங்களில் இது சகஜம், ஏனென்றால் உருட்டி மழுக்க அதில் சதையே இல்லை.

கைபடும் ஓரங்களுக்கு 2 மி.மீ. பேண்ட் போடச் சொல்வது இதனால்தான். டிரிம்மரில் வளைந்த பிளேடு போட்டால் ஓரம் உருண்டு வரும், மைக்கா முனையும் அடியில் ஒளிந்துகொள்ளும். உள்ளே இருக்கும் தட்டு, பெட்டியின் பக்கப் பலகை இதற்கெல்லாம் 0.8 போதும். எல்லா இடத்துக்கும் 2 போடச் சொல்லி விலை ஏற்றுபவர்களும் உண்டு, தேவையில்லை.

## கோளாறு: பேண்ட் உரிந்து வருகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். மற்றவற்றுக்குப் பொறுமை தேவை, இதற்குப் பார்வை தேவை.

உடனே பசை எடுத்து ஒட்டிவிடாதீர்கள். ஒரு விரல் நீளத்துக்கு மெதுவாக உரித்து, பசை எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

### பசை முழுதும் பேண்டில், பலகை விளிம்பு வெறுமை

பலகை பசையைப் பிடிக்கவில்லை. வெட்டிய மரத்தூளைத் துடைக்காமல் ஒட்டியிருப்பார்கள். விளிம்பை விரலால் தேயுங்கள். தூள் ஒட்டினால் அதுதான். பிரஷ்ஷால் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி ஒட்டலாம்.

தூள் இல்லை, ஆனால் விளிம்பு பொரபொரவென உதிர்கிறது என்றால் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகள் அழுத்திச் செய்த பலகை. மழுங்கிய ரம்பத்தில் வெட்டியது. உதிர்வதை உதிர்த்துவிட்டு, பசையை ஒரு கோட்டிங் அடித்து முழுக்கக் காயவிட்டு, அதன்மேல் இரண்டாவது கோட்டிங் அடித்து ஒட்டுங்கள். மரநார் அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைக்கும் இதே வழி. அதன் விளிம்பு முதல் கோட்டிங்கைக் குடித்துவிடும்.

### பசை முழுதும் பலகையில், பேண்டின் முதுகு சுத்தம்

பிவிசி பேண்டின் பின்புறத்தில் மங்கலான ஒரு பூச்சு இருக்கும். பசை பிடிப்பதற்காகத் தொழிற்சாலையில் அடிக்கும் பிரைமர் அது. முதுகும் முன்பக்கம் போலவே வழவழவென்று இருந்தால் பிரைமர் இல்லாத மட்டமான சரக்கு. எந்தப் பசை போட்டாலும் மறுபடி உரியும். பேண்டையே மாற்றுங்கள்.

பிரைமர் இருக்கிறது, ஆனால் பசை காய்ந்து கண்ணாடி போல இருக்கிறது என்றால், மரத்துக்கு மரம் ஒட்டும் வெள்ளை ஃபெவிகாலை இங்கே போட்டிருக்கிறார்கள். அது பிவிசியைப் பிடிக்காது. கையால் ஒட்டுவதற்கு ரப்பர் பசை வேண்டும். ஃபெவிகால் எஸ்ஆர் வகையைப் போல.

மெஷினில் ஒட்டிய கதவு என்றால் பலகையில் இருக்கும் பசையின் முகத்தைப் பாருங்கள். வழவழப்பாக, மினுமினுப்பாக இருந்தால் பேண்ட் வந்து அமர்வதற்குள் சூட்டுப் பசை ஆறிவிட்டது. மெஷினின் சூடோ வேகமோ தவறு. ஒரு கதவில் இருந்தால் அதே லாட்டில் மற்றவற்றிலும் இருக்கும். செய்து கொடுத்தவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கோளாறு இது.

### இரண்டு பக்கமும் பசை இருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை

ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட வேண்டும். விரலால் தொட்டால் நூல் இழுக்காமல், லேசாகப் பிடித்து விட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பதம் வரும். மழைக்காலத்தில் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்கு முன்னால் ஒட்டினால் உள்ளே தின்னர் அடைபட்டுக் குமிழ் விடும். ரொம்ப நேரம் கழித்து ஒட்டினால் பதம் போய்விட்டிருக்கும். சாப்பிடப் போய்விட்டு வந்து ஒட்டிய கதவுகளை நன்றாகவே அடையாளம் காணலாம்.

பதம் சரி என்றால் அழுத்தம் போதவில்லை. கையால் தடவிவிடுவது அழுத்தம் ஆகாது. சின்ன ரோலரால், அல்லது துணி சுற்றிய மரக்கட்டையால், நடுவிலிருந்து முனைக்குத் தேய்த்து அழுத்துங்கள். ஒரு நாள் முழுக்க அந்தக் கதவைத் தொடாமல் வையுங்கள். உடனே டிரிம்மர் போட்டால் முனை தூக்கும்.

### முனையில் மட்டும் உரிகிறது, நடுவில் பிடிப்பு கல் மாதிரி

பேண்டை நறுக்கிய முனைதான் எப்போதும் பலவீனம். அங்கே கொஞ்சம் பசை, ஒரு பேப்பர் டேப், ஒரு நாள். அவ்வளவுதான். ஆனால் 2 மி.மீ. பேண்ட் சுருளாகச் சுற்றி வந்ததால் அந்தச் சுருள் ஞாபகத்தில் முனை வெளியே இழுக்கும். ஒட்டுவதற்கு முன் அதை வெதுவெதுப்பாக்கி எதிர்ப்பக்கம் லேசாக வளைத்துவிட்டால் சொன்னபடி கேட்கும்.

### ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப உரிகிறது

அடுப்புக்குப் பக்கத்துப் பக்கப் பலகை, ஓவன் வைத்த உயர அலமாரி, குக்கர் விசில் அடிக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் கதவின் அடிப்பக்கம். இந்த மூன்றும்தான். மெஷினில் போடும் சாதாரண ஈவிஏ சூட்டுப் பசை 70, 80 டிகிரிக்குப் பக்கத்தில் இளக ஆரம்பித்துவிடும். இட்லிக் குண்டான் ஆவி தினமும் அங்கே போய்ப் படுகிறது.

செலவில்லாத வழி: அடுப்பை நகர்த்த முடியாது, குக்கரை நகர்த்தலாம். சிம்னி இருந்தால் விசிலுக்கு முன்னாலேயே போடுங்கள். அப்புறம், அந்தக் கதவை மட்டும் கழற்றி ரப்பர் பசையில் ஒட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பியூஆர் பசை போடும் மெஷின் உள்ள பட்டறைக்கு அந்தக் கதவை அனுப்ப வேண்டும். பியூஆர் காய்ந்தபின் சூட்டுக்கு மறுபடி இளகாது, ஈரமும் உள்ளே போகாது. எல்லாக் கதவையும் அனுப்ப வேண்டாம். அடுப்பைச் சுற்றி உள்ள மூன்று நான்கு போதும்.

### இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டலாமா?

மெஷினில் ஒட்டிய 0.8 பேண்டுக்கு ஒரு முறை முயலலாம். செயற்கை இழைத் துணிக்கு வைக்கும் சூட்டில், நடுவே ஒரு பருத்தித் துணி வைத்து, நிறுத்தாமல் நகர்த்துங்கள். பழைய பசை இளகியதும் கட்டையால் அழுத்தி ஆறும்வரை பிடியுங்கள். சூடு கூடினால் பிவிசி நெளிந்துவிடும்; நெளிந்ததை நேராக்க முடியாது. 2 மி.மீ. பேண்டில் இந்த வித்தை வேண்டாம், சூடு உள்ளே போய்ச் சேருவதற்குள் மேல்பக்கம் கெட்டுவிடும்.

## கோளாறு: புதுப் பேண்ட் போட்டபின் கதவு முட்டுகிறது

பழைய 0.8-ஐ எடுத்துவிட்டு 2 போட்டவர்களுக்கு இது வரும். ஒரு ஓரத்துக்கு 1.2 மி.மீ. கூடுகிறது, இரண்டு ஓரத்துக்கு 2.4. இரண்டு கதவுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியே 2, 3 மி.மீ.தான்.

முதலில் கீல். மறைகீலில் இருக்கும் பக்கவாட்டுத் திருகைத் திருப்பினால் கதவு 2 மி.மீ. வரை இப்படி அப்படி நகரும். ஒற்றைக் கதவு என்றால் இதிலேயே முடிந்துவிடும். இரட்டைக் கதவில் ஒன்றை நகர்த்தினால் மறுபக்கம் பக்கத்துக் கதவில் முட்டும். அப்போது எல்லாக் கதவையும் வரிசையாகச் சரிசெய்ய வேண்டும்.

கீலில் அடங்கவில்லை என்றால், முட்டும் ஓரத்தில் மட்டும் 2-ஐ எடுத்துவிட்டு 0.8 போடுங்கள். கைபிடி பக்கம் 2, கீல் பக்கம் 0.8 என்று கலந்து போடுவதில் தப்பே இல்லை, மூடியிருக்கும்போது யாருக்கும் தெரியாது.

அதிலும் அடங்கவில்லை என்றால் பலகையை வெட்டித்தான் ஆக வேண்டும். இதை வீட்டில் செய்யாதீர்கள். கையில் பிடிக்கும் ரம்பம் மைக்காவைச் சில்லு சில்லாகப் பெயர்த்துவிடும். பேனல் சா (பலகை வெட்டும் பெரிய மெஷின்) இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கீல் பக்கத்தை வெட்டச் சொல்லாதீர்கள்: 35 மி.மீ. கீல் குழி விளிம்பிலிருந்து சில மி.மீ. தள்ளித்தான் இருக்கிறது, அந்தச் சதை குறைந்தால் குழி விளிம்பு உடைந்துவிடும்.

புதிதாகக் கதவு செய்பவர்களுக்கு: முடிந்த கதவு 450 அகலம் வேண்டும், நான்கு பக்கமும் 2 மி.மீ. பேண்ட் என்றால், பலகையை 446-ல் வெட்ட வேண்டும். சில மெஷின்கள் பேண்ட் ஒட்டுவதற்கு முன் விளிம்பை லேசாகச் சீவிக்கொள்ளும். அந்த அளவைப் பட்டறையில் கேட்டுவிட்டு, அதையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள்.

## கோளாறு: வளைவில் பேண்ட் வெளுக்கிறது, வெடிக்கிறது

நிறம் போட்ட பிவிசியைச் சூடு இல்லாமல் வளைத்தால் வளைவில் வெள்ளைத் தழும்பு விழும். ஹீட் கன் குறைந்த சூட்டில் காட்டினால் லேசான வெளுப்பு மறையும். வெடித்தது மறையாது.

வளைவு ஒரு கைப்பிடிக் கப்பின் வாய் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் 2 மி.மீ. பேண்டை அங்கே கட்டாயப்படுத்தாதீர்கள். 0.8-க்கு இறங்குங்கள், அல்லது மூலையை இன்னும் அகலமாக வளைத்து வெட்டுங்கள். மேசை மூலை போன்ற பெரிய வளைவில் 2 நன்றாகவே உட்காரும், சூடாக்கிக்கொண்டே வளைத்தால். உள்வளைவு வந்தால், அதாவது குழிந்த ஓரம், கையால் ஒட்டுவது நிற்காது. அதைப் பட்டறைக்காரரிடம் விடுங்கள், இல்லையென்றால் வரைபடத்திலேயே அந்த வளைவை எடுத்துவிடுங்கள்.

## கோளாறு: பேண்டில் பள்ளம், உள்வாங்கல்

பேண்ட் நன்றாக ஒட்டியிருக்கிறது. ஆனால் வெளிச்சம் சாய்வாகப் படும்போது அங்கங்கே குழி தெரிகிறது, அழுத்தினால் உள்ளே போகிறது. பிளைவுட்டின் நடு அடுக்கில் ஓட்டை. 0.8 பேண்ட் அதை மறைக்காது, காட்டிக்கொடுக்கும். பேண்டை எடுத்து, மரத்தூளும் ஃபெவிகாலும் கெட்டியாகக் கலந்து ஓட்டையில் அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டு மட்டமாக்கி மறுபடி ஒட்ட வேண்டும். ஓட்டைகள் நிறைய என்றால் 2 மி.மீ.க்கு மாறுங்கள்.

ஓட்டை ஓரத்தில் மட்டுமா இருக்கும்? திருகு பிடிக்காமல் போகும் கீலும் பெரும்பாலும் இதே பலகையில்தான் இருக்கும்.

## கோளாறு: அலுமினியப் பட்டை ஏற மறுக்கிறது அல்லது லொடலொடக்கிறது

யு வடிவ அலுமினியப் பட்டையில் வாய் அளவுதான் முக்கியம். 18 பலகைக்கு என்று விற்பது பிரீலாமினேட்டுக்குச் சரியாக இருக்கும். மைக்கா ஒட்டிய 20-க்கு ஏறாது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் மைக்கா ஓரம் பெயரும். வாய் பெரிய பட்டையாக மாற்றுங்கள்.

ஆடினால் உள்ளே சிலிகான் போட்டு நிறுத்தலாம், அரை மி.மீ. இடைவெளி வரை. மேசை ஓரத்தில் அடிக்கும் டி பட்டிக்குப் பலகை அளவைவிட நடுவில் போட்ட காடி (நீளப் பள்ளம்) அகலம் முக்கியம்: அதில் நுழையும் பட்டியின் நாக்கை விடக் காடி அகன்றுவிட்டால் பட்டி நிற்காது. காடியில் பசையோடு மெல்லிய மரச்சீவல் வைத்து இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் காடியை அடைத்துவிட்டுப் புதிதாகப் போட ராவுட்டர் (காடி போடும் மெஷின்) வைத்திருக்கும் ஆசாரி வர வேண்டும்.

## கோளாறு: ஓரம் ஊதிப்போய் பேண்டைத் தள்ளுகிறது

சிங்க் அடி அலமாரி, குளியலறைக் கண்ணாடி அலமாரி, தரையைத் தொட்டு நிற்கும் பக்கப் பலகை. இங்கே பேண்ட் குற்றவாளி இல்லை, தண்ணீர் உள்ளே போய்விட்டது. எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். கண்ணில் படும் ஓரங்களில் அழகாகப் பேண்ட் போட்டு, கண்ணில் படாத அடி ஓரத்தையும் பின் ஓரத்தையும் வெறுமையாக விட்டிருப்பார்கள். சிங்க் குழாய்க்குப் போட்ட ஓட்டையின் உள்விளிம்பும் மூடாமலே இருக்கும்.

பக்கத்தில் கசிவு இருந்தால் முதலில் பிளம்பர். அது நிற்காமல் எதுவும் செய்து பயனில்லை.

கசிவு நின்றபின் பலகையை அளந்து பாருங்கள். நல்ல இடத்தைவிட ஊதிய இடம் 1 மி.மீ.க்குள்தான் கூட, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது, பலகை பிளைவுட் என்றால் நன்றாகக் காயவிட்டு, மட்டமாக்கி, நான்கு ஓரமும் பேண்ட் போட்டு, குழாய் ஓட்டையைச் சுற்றி சிலிகான் பூசி இன்னும் பல நாள் ஓட்டலாம். காயவிடுவது என்றால் வெயிலில் வைப்பது இல்லை, மைக்கா வளைந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், நிமிர்த்தி.

பார்ட்டிகிள் போர்டோ எம்டிஎஃப்போ ஊதிவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பாது. இங்கே அகலமான பேண்ட் வாங்கி ஊதலை மூடச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தப் பலகையை மட்டும் மாற்றுங்கள். மாற்றும்போது ஈரம் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் கேட்டு வாங்குங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

மெஷினில் ஒட்டிய கதவுகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே மாதிரி உரிந்தால், மறுபடி மறுபடி ஒட்டிய இடம் மறுபடியும் விட்டால், பலகையை வெட்ட வேண்டி வந்தால், கீல் குழி விளிம்பு உடைந்திருந்தால் எட்ஜ் பேண்டிங் மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். "நேரில் வந்து பார்க்கிறேன், கையால் ஒட்டித் தருகிறேன்" என்பவருக்கு இந்த நான்கிலும் பெரிதாகச் செய்ய எதுவும் இல்லை.

போகும்போது மைக்கா ஒட்டிய பலகைத் துண்டு ஒன்று, உரிந்த பேண்டில் ஒரு சாண், இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். நிறத்தை போட்டோவில் பொருத்த முடியாது. கடை வெளிச்சத்தில் மட்டும் பார்க்காமல் வாசலுக்கு வந்தும் பொருத்திப் பாருங்கள். வெட்டு அளவா, முடிந்த அளவா என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மீந்த பேண்டைக் கேட்டு வாங்கி, சுருளைத் தளர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த வருடம் அதே நிறம் கடையில் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.